கடைசி வண்டிக்கு ஒரு முழம் பூ

டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் புகையும் சாமந்திப் பூவும் கலந்தால் ஒரு வாசனை வரும். உங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. குட்டி ரேஸ் வண்டிகள் ஓடும் எங்கள் பழைய கோ-கார்ட் டிராக்கில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நின்றவர்களுக்குத் தெரியும்.

அந்த வாசனைக்குச் சொந்தக்காரர் சின்னக்கண்ணு அண்ணன். போன ஞாயிறு அவர் பெயரில் நினைவுப் பந்தயம் நடத்தினார்கள். மூன்று நாளாகியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை... அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் வண்டி ஓட்டியவர் இல்லை. சிராங்கூன் ரோட்டில் ஒரு பூக்கடையில் மாலை கட்டியவர். வீடு ஆங் மோ கியோ. ஞாயிறு காலை வியாபாரம் முடிந்ததும் மிஞ்சிய பூவை ஒரு பையில் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயில், பிறகு பஸ், பிறகு மொட்டை வெயிலில் நடை. இரண்டு மணிக்கெல்லாம் வேலி ஓரத்தில் நிற்பார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான். பாஸ் கேட்டதில்லை, நாற்காலி கேட்டதில்லை. சீன, மலாய்க்காரப் பையன்களுக்கும் அவர் "அண்ணே"தான்.

நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வாரம் முழுக்க தெம்பனிஸ் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து கிடப்பேன். ஞாயிறு வந்து ஹெல்மெட்டை மாட்டினால் பெரிய ரேஸர் என்ற நினைப்பு. முதல் பந்தயத்திலேயே கடைசி. சாதாரணக் கடைசி இல்லை... எனக்கு முன்னால் போனவன் இறங்கித் தண்ணீர் குடித்து முடித்துவிட்டான், நான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒருவழியாகக் கோட்டைத் தாண்டி வண்டியை நிறுத்தினால், முன்பின் தெரியாத இந்த மனிதர் வந்து என் ஸ்டீயரிங்கில் ஒரு முழம் சாமந்தியைச் சுற்றிக் கட்டுகிறார். எனக்கு மானமே போயிற்று. என்னங்க கிண்டலா என்று எகிறினேன்.

அவர் முடிச்சை இறுக்கிப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"முதல்ல வந்தவனுக்குக் கப்பு இருக்கு, போட்டோ இருக்கு. அவன் அடுத்த வாரம் தானா வருவான் தம்பி. நீ வரணும்ல?"

வந்தேன். தொடர்ந்து பதினோரு வாரம் பூ வாங்கினேன். பன்னிரண்டாவது வாரம் எனக்கும் பின்னால் ஒருத்தன் வந்தான், பூ அவனுக்குப் போயிற்று. நம்ப மாட்டீர்கள், எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஒரு விஷயத்தில் அண்ணன் கறார். கடைசி வண்டி கோட்டைத் தாண்டாமல் கொடியை மடிக்கக் கூடாது. மழை கொட்டினாலும் சரி. கொடி காட்டுகிறவன் கொஞ்சம் நகர்ந்தாலே வேலிக்கு வெளியிலிருந்து குரல் வரும்: "இன்னும் ஒரு ஆள் உள்ள இருக்கான்யா." அந்தக் குரலை மீறிப் போனவன் யாரும் இல்லை.

இந்த வருஷத் தொடக்கத்தில் அண்ணன் போய்விட்டார். மாரடைப்பு. மண்டாயில் எரியூட்டும்போது டிராக்கிலிருந்து வந்தது நாலே பேர். ஆனால் நினைவுப் பந்தயம் என்றதும் பார்க்க வேண்டுமே... பேனர் என்ன, டிஜே என்ன, டி-ஷர்ட் என்ன.

மேடையில் கோப்பை இருந்தது. 'சின்னக்கண்ணு நினைவுக் கோப்பை – வின்னர்' என்று பொறித்திருந்தார்கள்.

ஜெயித்தவனுக்காம்... அட, இருபது வருஷத்தில் அந்த மனிதர் ஒரு நாளாவது ஜெயித்தவன் பக்கம் திரும்பியிருப்பாரா? பக்கத்திலேயே அவனுக்குப் போட ஆள் உயர மாலை ஒன்று. தொட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக். ஆயுசு முழுக்கப் பூக் கட்டியவர் பெயரில் பிளாஸ்டிக் பூ.

கமிட்டித் தலைவரிடம் போய்க் கேட்டேன்.

"சென்சிட்டிவா இருக்காதீங்க லா. ரேஸுன்னா வின்னர்தானே? வாட்ஸ்அப் குரூப்ல கேட்டோம், நீங்களும் தம்ஸ்-அப் போட்டீங்க."

போனை எடுத்துப் பார்த்தேன். போட்டிருக்கிறேன். படிக்காமலே போட்டிருக்கிறேன். அவர் மேல் வந்த கோபத்தில் பாதி அங்கேயே என் மேல் திரும்பிவிட்டது.

பந்தயம் நடந்தது. முதல் வண்டி வந்ததும் கூட்டம் மொத்தமும் மேடைக்கு ஓடியது. நாலைந்து வண்டி வந்தபின் கொடி காட்டியவனும் ஓடினான். ஜெயித்தவன் அந்தக் கட்டம்போட்ட கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். பரிசளிப்பு ஆரம்பித்துவிட்டது.

டிராக்கில் ஒரு இன்ஜின் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

வசந்தி. கிளினிக்கில் நர்ஸ், அது அவருக்கு மூன்றாவது பந்தயம். செயினில் ஏதோ கோளாறு, வண்டி இழுத்து இழுத்துத்தான் போயிற்று. கோட்டுக்கு வந்தார். கொடி காட்ட ஆள் இல்லை. கொடி விழாவிட்டால் ஓட்டுகிறவருக்குப் பந்தயம் முடிந்தது எப்படித் தெரியும்? இன்னொரு சுற்றுப் போனார். திரும்பி வந்தார். அப்போதும் ஆள் இல்லை. மறுபடி போனார்... தன்னந்தனியாக.

மைக் பிடித்திருந்தவன் சொல்கிறான், "அந்தச் சத்தத்த யாராவது நிறுத்துங்கப்பா." எல்லாரும் சிரித்தார்கள். பேனரில் இருந்த அண்ணன் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு சிரித்தார்கள்.

எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ தெரியவில்லை. ஜெயித்தவன் தோளிலிருந்து கொடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். நாற்பத்தைந்து வயசில், தொப்பையோடு. மூச்சு வாங்க நின்று, வசந்தி வரும்வரை காத்திருந்து, கொடியை வீசினேன்.

வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை. ரொம்ப லேட்டாக்கிட்டேனா சார் என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி கேட்டார். பிறகு பேனரைப் பார்த்தார்.

"இவரு யாரு சார்? பெரிய ரேஸரா?"

"இல்லங்க. உங்களுக்காக இங்க நின்னிருக்க வேண்டியவரு."

அவருக்குப் புரியவில்லை. கட்டிவிட என் கையில் பூவும் இல்லை. அடுத்த வாரம் வருவீங்கல்ல என்று கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

அண்ணன் இருந்தவரை இந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டதில்லை... ஒரு முழம் பூ போதுமாக இருந்தது.