பம்புக்கடைக்கு ஒரு ஆற்றின் பெயர்

புனே ஹடப்சரில் நாளை என் பம்புக்கடை திறப்பு. ஐந்தாவதோடு படிப்பை விட்டுக் கோயம்புத்தூரிலிருந்து இத்தனை தூரம் வந்தவன் நான். கடைப்பேரும் பெரிதாக இருக்கட்டும் என்று, போர்டில் 'டான்யூப்' என்று எழுதச் சொல்கிறேன்.

கட்டிடச் சொந்தக்காரர் ஸ்டெல்லா, பூகோள டீச்சராக இருந்தவர், சிரிக்கிறார். "அண்ணா, ஐரோப்பாவுல டான்யூப், டான், ஏவான்னு ஓடுற ஆறு எல்லாத்துக்கும் பழைய பாஷைல ஆறுன்னுதான் அர்த்தம்."

"ஏனுங்க டீச்சர், ஆத்தைப் பாத்து ஆறுன்னு சொன்னதுக்கா இத்தனை பவுசு?"

"அவங்க ஆத்தை அவங்க கொண்டாடுறாங்க. உங்க ஊர்ல ஆறே இல்லையா?"

சுருக்கென்கிறது. நான் இறக்கிய முதல் மோட்டார் இறைத்தது எங்கள் ஊர் நொய்யல் ஆற்றுத் தண்ணீர். பெயிண்டரை நிறுத்தி, எழுதியதை அழிக்கச் சொல்கிறேன்.

சாயங்காலம் மராத்தி எழுத்தில் 'நொய்யல்' ஏறுகிறது. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்க்கிறேன். அங்கிருந்தும் பெரிதாகத்தான் தெரிகிறது.