எலுமிச்சம்பழம் நசுங்காத நாள்

இப்போதெல்லாம் வண்டியைச் சோதிக்க இயந்திரம் வைத்திருக்கிறார்கள். பிரேக்குக்கு ஓர் எண், புகைக்கு ஓர் எண். ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் ஒரு கைக்குட்டையும் பண்டார் ஹிலிர் மேடும்தான் எங்களுக்குச் சோதனைச்சாலை.

அப்போது எண்ணெய் ஏது? கரியை எரித்து, அந்தப் புகையில் ஓடும் லாரி எங்களுடையது. புக்கிட் ரம்பாயிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வருவோம். என் வீட்டுக்காரர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கரியையும் அவரையும் கவனித்துக்கொள்வேன். இரண்டுமே கிளறிவிடாமல் வேலை செய்யாது.

ஒருநாள் எல்லா லாரிகளும் சோதனைக்கு வர வேண்டுமென்று உத்தரவு வந்தது. தேறாத வண்டியைப் பறித்துக்கொள்வார்களாம். வண்டியில்லாத ஓட்டுநரைச் சயாமில் ரயில் பாதை போட அனுப்பிவிடுவார்களாம். எங்கள் கஜா பெராங்கிலிருந்து போன ஒருவரைப் பற்றியும் அதுவரை தகவல் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. இவரோ ரப்பர் ஆலையில் கழித்துப் போட்ட இயந்திரப் பட்டையை வெட்டி பிரேக்கில் பொருத்திவிட்டு, "நிக்கும் புள்ள" என்றார். நிற்காவிட்டால் என்ன செய்வதென்று கேட்டேன். பட்டையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்கு வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

அன்று காலை கரி பற்றிக்கொள்ளவே நேரமாகிவிட்டது. அந்த அவசரத்தில் வழக்கமாகச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்புவதை மறந்துவிட்டோம். பழங்கள் என் முந்தானையிலேயே இருந்தன.

முதலில் புகை. ஜப்பான் அதிகாரி வெள்ளைக் கைக்குட்டையைக் குழாயில் பிடித்தார். புகையை வடிகட்டும் பெட்டியில் நான் தேங்காய் நாரைப் புதிதாக அடைத்திருந்ததால் லேசாகத்தான் கறுத்தது. அடுத்தது பிரேக். வண்டியை மேட்டில் கீழ்நோக்கி நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். முந்தானையிலிருந்த பழங்கள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. யாரையும் கேட்காமல் இறங்கிப் போய் முன்சக்கரங்களுக்கு முன்னால் பழங்களை வைத்தேன்.

அதிகாரி கத்தினார். துக்காங் எமாஸ் தெருவில் கடை வைத்திருந்த பாய் ஒருவர்தான் மொழிபெயர்க்க வந்திருந்தார். அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். அதிகாரி குனிந்து பழத்தைப் பார்த்தார், தலையாட்டினார்.

"என்ன பாய் சொன்னீங்க?"

"பிரேக்கை அளக்கத்தான் வச்சிருக்குன்னேன் தங்கச்சி. பழம் நசுங்குனா வண்டி தோத்துச்சு."

அடப்பாவி மனுஷா! நசுங்குவதற்கென்றே வைத்த பழம் அது. பிறந்ததிலிருந்து பழம் நசுங்க வேண்டுமென்று கும்பிட்டு வந்தவள், அன்றுதான் நசுங்கக் கூடாதென்று பிள்ளையாரை வேண்டினேன். அவருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

அதிகாரி அதோடு விடவில்லை. காத்திருந்த ஓட்டுநர்களையெல்லாம் பின்னால் ஏறச் சொன்னார். கனம் ஏற ஏற வண்டி முனகியது. கல்லை எடுக்கச் சொன்னார். சக்கரம் மெல்ல நகர்ந்து பழத்தைத் தொட்டது. உள்ளே இவர் பெடலை எம்பி மிதித்தார்.

வண்டி நின்றது. பழத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அதிகாரி பழத்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். கண்ணாடியில் முத்திரைத் தாளை ஒட்டச் சொன்னார். அடுத்த வண்டிக்கு வைக்க அந்தப் பழங்களையே கேட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழி முழுக்க நான் இவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பட்டையைத் திட்டினேன், பாயைத் திட்டினேன், சகுனத்தடையோடு கிளம்பினோமே என்றும் திட்டினேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயம். அவர் வீடு வரும்வரை, சமதரையிலும்கூட, அடிக்கொருதரம் பிரேக்கை மிதித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். வாசலில் வண்டியை நிறுத்தியதும் நானும் நிறுத்தினேன்.

அவர் இறங்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் திட்டு புள்ள," என்றார். "சயாம்ல இல்ல, இங்கதான் இருக்கேன்னு தெரியுது."