ஆறு யானைகளும் பதினேழு பெண்களும்

இராமகிருஷ்ணன் புதுக்கோட்டையிலிருந்து கண்டிக்கு வந்தது 1927இல். வயது இருபத்துமூன்று. ஆளை எதிரே உட்காரவைத்து முகத்தை அப்படியே ஓவியமாக எழுதிவிடுவார். ஆனால் கண்டியில் வசதியுள்ளவர்கள் ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருடம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியே காலம் தள்ளினார்.

அப்படிப் பலகை எழுதப் போன இடங்களில் ஒன்று, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இருந்த தேநீர்க்கடை. அதன் சொந்தக்காரர் ராஜலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். கடையின் உட்சுவரிலும் ஒரு படம் வேண்டும் என்றார்.

"வடிவா ஏதும் கீறும் தம்பி. ஆக்களின்ரை முகம் மட்டும் வேண்டாம். ஒராளைக் கீறினால் மற்றாள் கோவிச்சுக்கொண்டு போயிடும்."

கடைக்குக் கீழே மகாவலியில் காலையில் யானைகள் குளிக்கும். இராமகிருஷ்ணன் நான்கு நாள் கரையில் உட்கார்ந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு யானைக்கும் தனி முகம் இருப்பது தெரிந்தது. ஐந்து யானைகளைச் சுவரில் எழுதினார்.

தேநீர் குடிக்க வந்த பாகன் முதியான்சே கோப்பையை வைத்துவிட்டுக் கத்தினார். "அது நம்ம மெனிகா! கிழிஞ்ச காது பாருங்க!"

மற்றப் பாகர்களும் ஓடிவந்து தங்கள் யானைகளை அடையாளம் காட்டினார்கள். ஒருவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவருடைய யானை படத்தில் இல்லை. மறுநாள் அதைக் கடைவாசலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இராமகிருஷ்ணன் எழுதி முடிப்பதற்குள் அது தும்பிக்கையை உள்ளே நீட்டி ஒரு வாழைக்குலையைத் தின்று தீர்த்தது. ராஜலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

படத்தைப் பார்க்க வந்த அந்த யானையின் முதலாளி, தன் தாயாரையும் எழுதித் தரும்படி கேட்டார். அதைப் பார்த்தவர்கள் தங்கள் வீடுகளுக்கும் அழைத்தார்கள். பெயர்ப்பலகை வேலை நின்றது.

1932இல் பன்வில தேயிலைத் தோட்டமொன்றின் மாரியம்மன் கோயில் சுவரில் தேர்த்திருவிழாவை எழுதினார். கொழுந்துக்கூடையோடு வந்து நின்ற சுப்பம்மா என்ற பெண் சும்மா இருக்கவில்லை.

"ஏங்க, தேர் இழுக்கிறதெல்லாம் ஆம்பளைங்க. நாங்கல்லாம் எங்க போனோம்?"

இராமகிருஷ்ணன் தூரிகையைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க" என்றார்.

பதினேழு பெண்கள் வந்தார்கள். பதினேழு பேரையும் படத்தில் வடம் பிடிக்க வைத்தார். சுப்பம்மாவின் கழுத்தில் மட்டும் மூன்று வடச் சங்கிலி.

"இது யாரு எனக்குப் போட்டது?"

"நான்தான்."

"சுவத்துல மட்டுமா?" என்று கேட்டுவிட்டு அவளே வெட்கப்பட்டு ஓடினாள்.

அடுத்த தையில் அதே கோயிலில் கல்யாணம். பிறகு கண்டி நகரில் ஒரு சிறிய வீட்டுக்குக் குடிபோனார்கள். சுப்பம்மா வர்ணம் குழைக்கக் கற்றுக்கொண்டாள். "மூக்கு கொஞ்சம் நீளங்க" என்று முதலில் சொல்கிறவளும் அவள்தான். பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகவே இருந்தது.