அண்ணர் குடிக்காத போத்தல்

எங்கள் மூத்த அண்ணர் பண்டத்தரிப்பில் பிறந்து, சுன்னாகத்தில் வாழ்ந்து, சென்ற மாதம் எங்களை விட்டுப் பிரிந்தார். இந்த நினைவு மலரை இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கையில் வாங்கும் உறவினர்களே, இவ்விடத்தில் இறந்தவரைப் புகழ்வது வழக்கம். நானும் புகழ்வேன். அதற்கு முன் உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது.

எங்களைப் பெற்ற ஐயா நல்ல மனிதர், பொழுதுபடும் வரை. அதன்பிறகு கள்ளுத் தவறணையில் கிடப்பார். அவரைத் தோளில் சாய்த்து வீட்டுக்குக் கூட்டிவருவார், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அண்ணர். குடித்தே ஐயா செத்தார். அண்ணர் படிப்பை விட்டு, வெங்காயத் தோட்டம் செய்து எங்களை ஆளாக்கினார். இடம்பெயர்ந்து அலைந்த காலத்திலும் எங்களைப் பட்டினி போடவில்லை. மதுவைத் தொட்டதில்லை, மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் உண்டதில்லை. பாணும் சம்பலும், பனங்கட்டியோடு ஒரு பிளேன்ரித் தேத்தண்ணியும் கிடைத்தால் அவருக்குப் போதும்.

நாங்கள் ஒன்றுகூடுவதென்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். என் கலியாணத்தில் முதற் பந்தியில் யார் இருப்பது என்று மாமாவும் தம்பியும் பிடுங்குப்பட்டதில் சாம்பார் வாளி மணவறையில் கவிழ்ந்தது. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அதைத் துடைத்தவர் அண்ணர். சண்டை பிடித்த இருவரும் அப்போது பாயாசம் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதே இருவர்தான் எட்டுச் செலவுக்கும் முன்னுக்கு நின்றார்கள். இறந்தவருக்கு விருப்பமானதைப் படைத்து, அவர் வந்து உண்ணட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கும் நாள் அது. மாமா ஆட்டிறைச்சிக் கறியோடு வந்தார். கனடாத் தம்பி விமான நிலையத்தில் வாங்கிய விஸ்கிப் போத்தலை அண்ணரின் படத்துக்கு முன்னால் வைத்தான். அண்ணி படைத்துவைத்த பாணும் சம்பலும் இலையின் மூலைக்குத் தள்ளப்பட்டன.

“அண்ணை உந்தப் போத்தலைக் கையாலும் தொடாதவர் எண்டு உனக்குத் தெரியாதே?” என்றேன்.

“செத்தாப் பிறகும் என்ன விரதம், அக்கா? அவர் குடிக்காட்டி நாங்கள் குடிப்பம்” என்றான் தம்பி.

“ஓம் பிள்ளை, படைச்சதை வீணாக்கக் கூடாது” என்றார் மாமா.

எல்லோரும் வெளியே போனார்கள். கதவைச் சாத்த நான் பின்தங்கினேன். போத்தலைத் திறந்து, பின்பக்க யன்னலுக்கு வெளியே இருந்த வாழைப் பாத்திக்குள் கடைசிச் சொட்டு வரை ஊற்றி, வெறும் போத்தலைத் திரும்பப் படத்துக்கு முன்னால் வைத்தேன். கறியை ஒதுக்கி, பாணையும் சம்பலையும் இலையின் நடுவில் வைத்தேன். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

கதவைத் திறந்ததும் மாமாவின் கண் போனது படத்துக்கல்ல, போத்தலுக்கு.

“ஐயோ, என்ரை மருமோன் முழுப் போத்தலையும் குடிச்சுப் போட்டானே!”

விழுந்து அழுதார். அண்ணருக்காக அழுதாரா, போத்தலுக்காக அழுதாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. மாலைக்குள் கதை கனடாவுக்கும் லண்டனுக்கும் போய், ‘அந்த மனுசன் முந்தியும் ஒளிச்சுக் குடிச்சவராம்’ என்று திரும்பி வந்தது. அவர் உழைப்பில் தின்று வளர்ந்தவர்களே அதை நம்பினார்கள். வெட்கமில்லாத கூட்டம்.

குசினி அடுப்படியில் அண்ணி என் கையைப் பிடித்தார்.

“மச்சாள், உண்மையைச் சொல்லுங்கோ. அவர் என்னட்டையும் ஒளிச்சவரோ?”

அவரைக் கூட்டிப்போய் வாழைப் பாத்தியைக் காட்டினேன். மண்ணை மணந்து பார்த்துவிட்டு முதலில் சிரித்தார், பிறகு அழுதார். அண்ணர் செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. நீங்களோ, நான் நடந்ததைச் சொன்னபோது, ‘தமையன்ரை மானத்தை மறைக்கிறாள்’ என்றீர்கள். அதனால்தான் இதை அச்சில் போடுகிறேன். எங்கள் அண்ணர் வாழ்ந்த நாளிலும் குடிக்கவில்லை, செத்த பிறகும் குடிக்கவில்லை.

பந்தல் போட்டு, தேத்தண்ணி ஊற்றி, நாங்கள் தின்ற கோப்பைகளையும் கழுவித் தந்த அயலவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. தூர தேசங்களிலிருந்து வந்து அண்ணரின் பெயரைக் கெடுத்துப் போனவர்களுக்கும் நன்றி சொல்லாமல் விடுவது முறையல்ல. வருகிற வருசம் ஆட்டைத் திவசத்துக்கும் தவறாமல் வாருங்கள். பாணும் சம்பலும் இருக்கும். கதவை நானே சாத்துவேன்.