ஆயுத பூஜைக்குத் துடைத்த குப்பிகள்

கடலே இல்லாத திருச்சியில் உட்கார்ந்துகொண்டு கடலாமைகளுக்கு ஜாதகம் எழுதிய ஆசாமி நான். கல்லூரியில் என்னிடம் ஆராய்ச்சி செய்த வையம்பட்டிப் பெண் நாலு வருஷம் இரண்டு கடற்கரைகளில் அலைந்து, செத்து ஒதுங்கிய ஆமைகளின் சதைத் துணுக்குகளைச் சின்னக் குப்பிகளில் ஸ்பிரிட் ஊற்றிக் கொண்டுவந்து சேர்த்தாள். இரு கரை ஆமைகளும் ஒரே வம்சமா, வேறு வேறா? டிஎன்ஏ சொல்லும். வேறு என்றால் ஒரு கரை முட்டையை மறு கரையில் பொரிக்க விடக்கூடாது. ஒரு வம்சம் நோயில் போனாலும் இன்னொன்று மிஞ்ச வேண்டுமே.

எந்தக் கரை ஆமை என்று காட்டும் எண்ணைப் பென்சிலில் எழுதி, அந்தச் சீட்டைக் குப்பிக்குள் போடுவதுதான் முறை. அவள் அப்படித்தான் ஆரம்பித்தாள். "எனக்குக் கண்ணு தெரியலம்மா, வெளியில மார்க்கர்ல பெருசா எழுது" என்று மாற்றியது நான்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்கும் உறையூர் அக்கா பக்தி மேலிட்டு, ஒவ்வொரு குப்பியையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மூடியில் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். "பளபளன்னு இருக்குல்லங்க சார்?" என்றார். ஓர் எண்கூட மிஞ்சவில்லை.

துறைக் கூட்டத்தில் மார்க்கரில் எழுதச் சொன்னது யார் என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்: "சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தல."

பிறகு தனியே கூப்பிட்டு, உத்தேசமாக எண் போடச் சொன்னேன்.

"கலந்து கட்டிப் போட்டா ரெண்டு கரையும் ஒண்ணுன்னுதானே சார் வரும்?"

"வரட்டுமே. உனக்குப் பட்டமும் வரும்."

"அப்படி வேணாங்க சார்."

"அப்ப ஊருக்குப் போய் ஆடு மேய்."

போய்விட்டாள். நாலு வருஷ உழைப்பை விட்டுவிட்டு ஒரு பெண் படியிறங்கிப் போன அன்று, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்டவன் நான்.

எண்களை நானே போட்டேன். அவள் சொன்னபடியே ஒன்று என்று வந்தது. அந்த அறிக்கையை நம்பி, இப்போது ஒரு கரை முட்டைகளை வேனில் ஏற்றி மறு கரையில் பொரிக்கிறார்கள். ஆமை வளர்ந்து, பொரித்த கரைக்கே திரும்பி வந்து முட்டையிடும். அங்கிருக்கும் வம்சத்தோடு கலக்கும். இன்னும் சில தலைமுறை கழித்து யாராவது நேர்மையாகச் சோதித்தாலும், இரண்டு கரையும் ஒன்று என்றே வரும். என் பொய் அதற்குள் உண்மையாகியிருக்கும்.