இலவசத்துக்கு எதிராக ஐந்து நிமிடம்

இலவசங்கள் மக்களைச் சோம்பேறிகளாக்குகின்றன என்பதை நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போதே நிரூபித்துவிட்டேன். எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளி ஆண்டு விழாவில், ஷாமியானா பந்தலுக்குக் கீழே ஊரே உட்கார்ந்திருக்க, மைக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசி நிரூபித்தேன். முதல் பரிசும் வாங்கினேன். இப்போது சென்னையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், மார்ச் மாதம் சம்பளத்தில் வரி அதிகமாகப் பிடித்தவுடன் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சு வந்துவிடும். ஓசியில் கொடுத்துக் கொடுத்தே நாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பது எனக்கு ஒரு சொல் விடாமல் தெரியும். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு கை கழுவப் போய்விடுவேன்.

அப்போது வீட்டில் அம்மா, அத்தை, நான் என்று மூன்று பேர். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். அத்தை, அப்பாவுக்கு அக்கா. புருஷன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து எங்களோடுதான் இருந்தாள். விவரம் தெரிந்த நாள்முதல் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வயலிலேயே கிடந்தவள். பிள்ளை பெற்ற இருபதாம் நாளே நாற்றுக்கட்டு தூக்கப் போனாளாம். அந்தப் பிள்ளையும் தங்கவில்லை. நாற்பத்தைந்து வயதுக்குள் அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியதற்கு ஆபரேஷன் செய்துவிடலாம், காசு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னார்கள். ஆனால் அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, படுத்துத்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆபரேஷன் இலவசம். படுத்திருக்கிற மூன்று மாதம் இலவசமில்லை. அந்த மூன்று மாதச் சாப்பாட்டை முதலில் சம்பாதித்து வைத்துவிட்டு, அப்புறம் போய்ப் படுத்துக்கொள்வது என்று அத்தை முடிவு செய்திருந்தாள்.

இதெல்லாம் பின்னால் எனக்குத் தெரிந்தது. அன்று யாரும் சொல்லவில்லை, சின்னப் பெண்ணிடம் சொல்கிற சங்கதியும் இல்லை. அத்தை காலை அகட்டி அகட்டி நடப்பாள், குடம் தூக்க மாட்டாள், நேரம் காலம் இல்லாமல் படுத்துக்கொள்வாள். என் கண்ணில் பட்டது இவ்வளவுதான்.

அவளுக்கு இருந்த ஒரே வழி நூறு நாள் வேலை. சம்பா அறுப்பு முடிந்துவிட்டால் எங்கள் பக்கம் ஆற்றில் தண்ணீர் வரும்வரை வயலில் வேலை கிடையாது. அறுப்புக்கும் மெஷின் வந்துவிட்டதால் அந்தக் கூலியும் போயிருந்தது. ஊராட்சியில் வடிகால் வாய்க்காலைத் தூர்வார ஆள் எடுத்தார்கள். பத்துப் பெண்களுக்கு ஒரு துண்டு என்று அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுப்பார்கள். வெட்டிய மண்ணை அளந்து, அதற்குத் தகுந்தாற்போல் பத்துப் பேருக்கும் கூலி வரும். அம்மாவும் அத்தையும் ஒரே குழு. அத்தை காலையில் பேர் கொடுத்துவிட்டு, பேருக்கு இரண்டு கூடை மண் தூக்கிப்போட்டுவிட்டு, கரையில் இருந்த புங்கமரத்தடிக்குப் போய்விடுவாள். மரத்தில் இரண்டு தூளிகள் தொங்கும். குழுவில் இருந்த சின்ன வயதுப் பெண்களின் கைக்குழந்தைகள். தூளியில் கட்டிய கயிற்றைப் படுத்தபடியே இழுத்து ஆட்டிக்கொண்டிருப்பாள். அவள் பங்கு மண்ணை மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து வெட்டினார்கள். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாக அம்மாவுக்கு ஞாபகமில்லை. முதல் நாள் அப்படி நடந்தது, மறுநாளும் அப்படியே நடந்தது.

ஒரு சனிக்கிழமை நான் சோற்றுத்தூக்கு எடுத்துக்கொண்டு போனபோது இதைப் பார்த்தேன். எல்லோரும் சேறும் வியர்வையுமாக வாய்க்காலில் நின்றார்கள். அத்தை மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிழலில் படுத்திருந்தாள்.

அந்த வாரம்தான் பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு வந்தது, இலவசத் திட்டங்கள் தேவையா என்று. தேவை என்று பேச உரக்கடைக்காரர் மகனைப் போட்டார்கள். எனக்குத் தொண்டை பெரிது என்பதால் தேவையில்லை என்ற கட்சி கிடைத்தது. தமிழ் டீச்சர் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். நடுவில் இரண்டு குறள், கடைசியில் விழித்தெழு தமிழா என்று ஒரு முழக்கம். அரசாங்கம் கொடுத்த சீருடையைப் போட்டுக்கொண்டு, சத்துணவு முட்டையைச் சாப்பிட்டுவிட்டு, இலவசங்களை எதிர்த்து நான் மனப்பாடம் செய்தேன். இதில் இருந்த வேடிக்கை எனக்கும் தெரியவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை. டீச்சர் நல்லவர்தான். தன் கைக்காசில் எனக்கு ரிப்பன் வாங்கித் தந்தவர். ஒத்திகையின் கடைசி நாள் அவர் சொன்னார்.

"சொந்தமா ஒரு உதாரணம் சேத்துக்கம்மா. நீ கண்ணால பாத்ததா இருக்கணும். அப்பதான் கை தட்டுவாங்க."

நான் கண்ணால் பார்த்தது ஒன்று என்னிடம் தயாராக இருந்தது.

விழாவுக்கு அம்மாவும் அத்தையும் வந்திருந்தார்கள். பெண்கள் எல்லோரும் முன்னால் விரித்திருந்த தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் தலைமை ஆசிரியருக்குப் பக்கத்தில் சிறப்பு விருந்தினர். அவருக்கு எங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலுமாக ஏகப்பட்ட நிலம், போக ஒரு ரைஸ் மில். ஊரில் மில்லுக்காரர் என்பார்கள். அவருடைய பம்ப்செட்டுகள் ஓடுவது இலவசக் கரண்டில். கூட்டுறவில் அவர் வாங்கிய கடன் ஒரு தடவை தள்ளுபடியும் ஆகியிருந்தது. அதையெல்லாம் இலவசம் என்று ஊரில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான்கு பக்கத்தையும் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தேன். கூட்டம் முறுக்கு தின்றுகொண்டிருந்தது. அப்புறம் என் உதாரணத்துக்கு வந்தேன். எங்கள் ஊரில் ஒரு அம்மா இருக்கிறார், காலையில் நூறு நாள் வேலைக்குக் கிளம்புவார், எப்படிக் கிளம்புவார் தெரியுமா என்று கேட்டுவிட்டு, மைக்கை விட்டு விலகி, காலை அகட்டி மேடையில் நான்கு அடி நடந்து காட்டினேன். சிரிப்பு வெடித்தது. முறுக்கு தின்றவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு மரத்தடியில் படுத்து முகத்தை மூடிக்கொள்வதையும், சோற்று நேரத்துக்கு மட்டும் சரியாக எழுந்துகொள்வதையும் செய்து காட்டினேன். தூளிகளைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. தூளியைச் சொன்னால் சிரிப்பு குறைந்துவிடும் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. இன்றுவரை என்னை நான் மன்னிக்காதது அந்த ஓர் இடத்துக்காகத்தான். மற்றதற்கெல்லாம் அறியாத வயது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அம்மாவின் குழுப் பெண்கள் சிரிக்கவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அத்தை சிரித்தாள். கையைத் தட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்தவர்களிடம் என்னைக் காட்டி, எங்க வீட்டுப் புள்ள என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளே சிரிக்கிறாள் என்றால் நான் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

மில்லுக்காரர் பரிசு கொடுத்தார், ஒரு எவர்சில்வர் குடம். பிறகு மைக் முன்னால் நின்று, நடவுக்கு ஆள் கிடைக்காமல் தான் படும் பாட்டை விவரமாகச் சொன்னார். கடைசியில் என் தோளில் கை வைத்தார்.

"இந்தச் சின்னப் புள்ள சொன்னதுதாங்க நெசம். நம்ம வரிப்பணம் மரத்தடியில படுத்துத் தூங்குது."

வரி என்றால் கார் வைத்திருப்பவர்கள் கட்டுவது என்று நினைத்திருந்தேன். அத்தை வாங்கும் சோப்புக்கட்டியிலும் அது இருக்கிறது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அவர் நம்ம என்று சொன்னபோது என்னையும் சேர்த்துக்கொண்டார் என்று பெருமையாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது குடத்தை அத்தைதான் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள், காலிக் குடம்தானே என்று.

அடுத்த வாரம் யூனியன் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி பைக்கில் வாய்க்காலுக்கு வந்தார். மில்லுக்காரர் சொல்லி வந்தாரா, விஷயம் தானாக ஆபீசுக்கு எட்டியதா, தெரியாது. நான் அங்கே இல்லை. அம்மா இதை என்னிடம் சொன்னது நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், அதுவும் நான் வற்புறுத்திக் கேட்டதால். அதிகாரி சின்ன வயதுக்காரர். மரியாதையாகத்தான் பேசினாராம். மரத்தடியில் இருப்பது யார் என்று கேட்டார். அவங்களுக்கு உடம்பு சரியில்லைங்க என்று அம்மா சொன்னாள். உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

ஒன்பது பெண்கள் நின்றார்கள். ஒருத்தி வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஓர் ஆம்பிளை அதிகாரியிடம், நட்ட நடுப்பகலில், அதை எப்படிச் சொல்வது? அதற்குள் அத்தை எழுந்து வந்துவிட்டாள்.

"ஒண்ணும் இல்லைங்க சார். செத்த அசதி. வேலை செய்றேங்க."

கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். அவர் பைக்கில் சாய்ந்தபடி நின்று, யாரிடமோ போனில் பேசி, கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துக் கிளம்ப ஒரு மணி நேரம் ஆயிற்றாம். அந்த ஒரு மணி நேரமும் அத்தை மண் சுமந்தாள். வேகமாகவும் சுமந்தாள் என்று அம்மா சொன்னாள். தூளியில் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்ததாம். போகும்போது, உழைக்காதவர் பேர் நோட்டில் இருந்தால் மொத்தக் குழுவுக்கும் கூலியைக் குறைக்க வேண்டிவரும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அத்தை வேலைக்குப் போகவில்லை. அவளை யாரும் நிறுத்தவில்லை. ஒன்பது பேர் வயிற்றில் தன்னால் மண் விழ வேண்டாம் என்று தானே நின்றுகொண்டாள்.

போர்வெல் போட்டவர்கள் வயலில் குறுவை நடவு முதலில் ஆரம்பித்துவிடும், ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அத்தை மில்லுக்காரர் வயலுக்கு நடவுக்குப் போனாள். நாற்றைத் தூக்கத்தான் கூடாது, குனிந்து நடுவதில் என்ன வந்துவிடப்போகிறது என்று அம்மாவிடம் வாதாடினாளாம். மில்லுக்காரர் ஒரு நாள் பள்ளிக்கு வந்து, இந்தத் தடவை ஆளுக்குப் பஞ்சமில்லை என்று டீச்சரிடம் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு ஒரு பேனாவும் கொடுத்தார். என் பேச்சு நாட்டில் வேலை செய்கிறது என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

ஆவணியில் அத்தை படுத்துவிட்டாள். காய்ச்சல் விடவில்லை, உள்ளே புண்ணாகிவிட்டது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். ரத்தம் ரொம்பக் குறைவாக இருக்கிறது, உடம்பைத் தேற்றிக்கொண்டு வாருங்கள், பிறகு ஆபரேஷன் செய்யலாம் என்று அனுப்பிவிட்டார்கள். எதைப் போட்டுத் தேற்றுவது? மூன்று மாதத்துக்கு என்று அவள் சேர்த்துவைத்திருந்தது மருந்துக்கும் பஸ்ஸுக்கும் கரைந்தது. அந்த ஆபரேஷன் கடைசிவரை நடக்கவில்லை.

பொங்கல் கழிந்து, தஞ்சாவூரில் மாவட்டப் பேச்சுப் போட்டி என்று அறிவிப்பு வந்தது. தலைப்பு ஏறக்குறைய அதேதான். டீச்சர் புதிதாக நான்கு பக்கம் எழுதிக் கொடுத்து, உதாரணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார். சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். சுவரோரம் பாயில் அத்தை படுத்திருந்தாள். அப்போதெல்லாம் அவள் பாயை விட்டு எழுவதே அபூர்வம். அம்மா ரேஷன் அரிசியை முறத்தில் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன வேண்டும் என்று அத்தை கேட்டாள். சொன்னேன்.

"போன வருஷம் சொன்னதையே சொல்லாத பாப்பா. இப்ப ஒரு வேலையும் செய்யாம, ஓசி அரிசியைத் தின்னுட்டுப் படுத்தே கெடக்கறேன்ல, அதைச் சொல்லு. இன்னும் நல்லாக் கை தட்டுவாங்க."

அம்மா முறத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். எதற்குப் போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு அது போன வருடத்து உதாரணத்தைவிட நன்றாக இருப்பதாகப் பட்டது. நோட்டை எடுத்துக்கொண்டு பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு சொல்லும் விட்டுப்போகக் கூடாதே என்று, அத்தையை இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னேன். அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன்.