டீசல் குடித்த புஷ்

எந்த புஷ் வாங்குவது என்று தெரியாமல் நான் அலைந்த அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஜீப்பின் ஸ்பிரிங் பட்டையைச் சட்டத்தோடு சேர்க்கும் இடத்தில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் உருளை இருக்கும். அதுதான் புஷ். சக்கரம் குழியில் இறங்கும்போது குத்தை அது வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஜீப்பில் அது வாங்கவில்லை. உட்கார்ந்திருந்த நாங்கள்தான் வாங்கினோம்.

ஆலங்குடியைத் தாண்டி, என் மனைவிக்குத் தாய்வீட்டிலிருந்து வந்த முந்திரிக் கொல்லை இருக்கிறது. தார்ச்சாலை முடிந்து மூன்று கிலோமீட்டர் செம்மண் தடம். பஸ் கிடையாது, பைக் மணலில் சறுக்கும். பங்குனி பிறந்தால் பழம் பொறுக்க அவள்தான் ஆட்களுக்கு முன்னால் நிற்பாள். போன வருடம் பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவள், அதன்பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. “நீங்களே பாத்துக்கங்க, எனக்கு வயசாயிருச்சு” என்றாள். நாற்பத்தாறெல்லாம் ஒரு வயதா? இந்த வருடம் அவளை எப்படியாவது கொல்லைக்குக் கூட்டிப்போவது என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

மாசி மாதத்தில் புதுக்கோட்டைக்குப் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மஞ்சள் நிறத்தில் ஒரு புஷ்ஷை எடுத்து மேசையில் தட்டிக் காட்டினார். “இது பி.யு. சார், பாலியூரித்தேன்னு கெட்டி பிளாஸ்டிக். ரப்பர் ஒரு வருசம்னா இது அஞ்சு வருசம் கெடக்கும்.” சந்தோஷமாக ஆலங்குடி மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். “அதப் போட்டா வண்டி கெட்டியா நிக்கும், ஆனா குத்து பூராவும் ஒடம்புல ஏறும். அக்காவுக்கு ஆகாதுங்க” என்றார் அவர். வீட்டுக்கு வந்து வீடியோ பார்த்தேன். ஒருவர் பி.யு.வை விட்டால் வேறு கதியில்லை என்றார். இன்னொருவர் ரப்பரை மாற்றியவன் கெட்டான் என்றார். இரண்டு பேருமே பாறைமேல் வண்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானோ முந்திரிக் கொல்லைக்குப் போகிறவன்.

நீடித்து உழைப்பது இடுப்பை ஒடிக்கும், இடுப்புக்கு இதமானது உழைக்காது. ரப்பரிலேயே நான்கு கம்பெனி மாற்றிப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு முன்னால் புதிது போடுவேன். பங்குனிக்குள் கடகடவென்று ஆடத் தொடங்கிவிடும். மதில்மேல் பூனையாக எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? பழைய புஷ்ஷைக் கண்ணால் பார்த்துவிட்டாவது முடிவெடுப்போம் என்று பட்டறைக்கே போய் நின்றேன். வழக்கமாக வண்டியை விட்டுவிட்டு வந்து, மாலையில் எடுத்துப்போகிற ஆள் நான்.

மெக்கானிக் கழற்றிய புஷ் உப்பிப்போய்க் கிடந்தது. விரலால் அழுத்தினால் அல்வா மாதிரி விலகியது. அவர் அதை முகர்ந்து பார்த்தார்.

“டீசல் வாடை அடிக்குதே. அடியில என்ன அடிச்சீங்க?”

நான் பெருமையாகத்தான் சொன்னேன். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, துரு ஏறாமலிருக்க அடிப்பாகம் முழுக்க டீசல் அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மற்றவர்கள் அடித்தால் ஏனோதானோ என்று இருக்கும். அதனால் முந்திரிக்கு மருந்தடிக்கும் தெளிப்பானில் டீசலோடு பழைய இன்ஜின் ஆயிலையும் கலந்து நானே அடிப்பேன், ஸ்பிரிங் பட்டைக்கு மட்டும் இரண்டு தடவை. அதற்குப் பிறகுதான் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம்.

“டீசல் பட்டா ரப்பர் ஊறிரும்ங்க. நானும் ஒவ்வொரு தடவையும் சரக்குதான் மட்டம்னு நெனச்சேன்.”

“எல்லாரும்தான அடிக்கிறாங்க?”

“எல்லார் வண்டியும்தான் ஆடுது.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை வருடம் தவறாமல் பூஜை போட்டுச் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் குழப்பம் தீர்ந்தபாடில்லை. டீசலைத் தாங்கும் பி.யு.வைப் போட்டுவிட்டு வழக்கத்தைத் தொடர்வதா, ரப்பரைப் போட்டுவிட்டு வண்டியைத் துருவுக்குக் கொடுப்பதா?

“தம்பி, நீங்களே ஒண்ணு சொல்லுங்க” என்றேன்.

“அக்கா வாராங்களா, வண்டி மட்டும் போகுதா? மொதல்ல அதச் சொல்லுங்க.”

ரப்பரே வாங்கினேன்.

பங்குனியில் ஒருநாள் காலை, ஒரு தலையணையோடு அவள் ஏறி உட்கார்ந்தாள். வலிக்கிறதா என்று கேட்கப் பயந்துகொண்டு செம்மண் தடத்தில் ஓட்டினேன். அவள் ஒரு தடவைகூட இடுப்பைப் பிடிக்கவில்லை. புது ரப்பர்தான் தாங்குகிறதா, நான் ஊர்ந்து போவதாலா, தலையணையாலா என்று எனக்குப் புரியவில்லை. கொல்லையில் அவளே இறங்கினாள், என் கையைப் பிடிக்காமல். முதல் மரத்தடியில் ஒரு பழத்தை எடுத்துக் கொட்டையைத் திருகிக்கொண்டிருந்தவளிடம், டீசல் கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

“நாலு வருசமா என் ஒடம்புதான் போச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றாள்.